காற்று உழும் கடல்

நுழையும்முன்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றைச் சார்ந்து தோன்றி வாழ்வன கருப்பொருள் என்றும் பகுத்துக் கண்டது தமிழர் இலக்கண மரபு. இப்பகுப்பு செய்யுளுக்கு மட்டும் உரியதன்று, உயிரியலுக்கும் பொருந்துவது. எந்த இடம், எந்தக் காலம் என்னும் இரு வினாக்களுக்கு விடை தெரிந்தால், அங்கே எவ்வுயிர் பெருகும், எவ்வுயிர் ஒடுங்கும் என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். குமரி முதல் கொல்லம் வரையிலான கடலில் ஆண்டுதோறும் அடிநீர் மேலெழுவதும், அதனால் மிதவை உயிரிகளின் வாழ்வு மாறுவதும் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

ஒரு காற்று, இரு விளைச்சல்

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் வடகரை. வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இவ்வூரிலிருந்து அரபிக்கடலின் கொல்லம் கரை, நேர்க்கோட்டில் அளந்தால் நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே உள்ளது. இடையில் மலை உயர்ந்து நிற்பதால், கடல் அண்மையில் இருப்பதை இங்கு வாழ்வோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், வைகாசி இறுதியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வரும் ஈரக்காற்று, அக்கடலைக் கடந்து வந்த காற்றே ஆகும். அது குற்றாலத்தில் சாரலாகத் தூவுகிறது, அருவிகளைப் பெருக்குகிறது, மேக்கரையில் உள்ள அடவிநயினார் அணைக்கு நீர் சேர்க்கிறது. அந்நீரை நம்பி உழவர் கார் பருவ நெல்லுக்கு வயலைப் பண்படுத்துகின்றனர்.

அதே நாள்களில், மலைக்கு அப்பால், அந்தக் காற்று மற்றொரு விளைச்சலையும் தொடங்கி வைக்கிறது. உழவர் கலப்பையால் அடிமண்ணைப் புரட்டி மேலே கொணர்வதுபோல, காற்று கடலின் அடிநீரை மேலே கொணர்கிறது. இந்நிகழ்வைக் கடலியலார் ‘மேலெழுச்சி’ என்பர். நிலத்தில் நெல் விளைவதுபோல, மேலெழுந்த நீரில் கண்ணுக்குப் புலப்படாத பாசியும், அப்பாசியை உண்ணும் நுண்விலங்குகளும், அவற்றை உண்ணும் மீனும் வரிசையாக விளைகின்றன.

அடிநீர் எழும் முறை

காற்று எத்திசையில் வீசுகிறதோ அத்திசையிலேயே கடல்நீரும் தள்ளப்படும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால், உண்மை வேறு. நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சன், 1893 முதல் 1896 வரை நடந்த ‘ஃபிராம்’ என்னும் கப்பலின் ஆய்வுப் பயணத்தில் வடதுருவக் கடலுக்குச் சென்றார். அங்கே பனிப்பாளங்கள் காற்றின் திசையில் செல்லாமல், அதற்கு வலப்புறமாக விலகி நகர்வதை அவர் கண்டார். இதன் காரணத்தைச் சுவீடன் நாட்டு அறிஞர் எக்மன் கணித வழியில் ஆராய்ந்து 1905 இல் விளக்கினார். புவி தன்னைத்தானே சுற்றுவதால், வட அரைக்கோளத்தில் நகரும் நீர் வலப்புறம் விலகுகிறது. காற்றால் உந்தப்படும் மேலடுக்கு நீர் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதன் நகர்வு காற்றின் திசைக்குச் செங்குத்தாக, வலப்புறமாக அமைகிறது என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவை நம் கடற்கரைக்குப் பொருத்திப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையை நெருங்கும்போது சற்றே திரும்பி, கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வீசுகிறது. காற்று செல்லும் திசையை நோக்கி ஒருவர் நின்றால், அவருடைய வலப்புறம் திறந்த கடல் இருக்கும். குமரிமுனையில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அங்கும் வலப்புறம், அதாவது தெற்கில், கடலே உள்ளது. ஆகவே, இரண்டு இடங்களிலும் மேல்நீர் கரையை விட்டு அகன்று செல்கிறது. அவ்வாறு அகன்ற நீரின் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. நாளொன்றுக்குச் சில மீட்டர் அளவே எழுந்தாலும், வாரக்கணக்கில் இடையறாது எழுவதால் கடலின் இயல்பே மாறிவிடுகிறது.

காற்று மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. வங்கக் கடலில் தோன்றி, இலங்கையையும் குமரியையும் சுற்றிக்கொண்டு மேற்குக் கரை வழியே வடக்கு நோக்கிச் செல்லும் நெடிய அலைகளும் அடிநீரை உயர்த்தத் துணைபுரிகின்றன. மேலெழுச்சி தெற்கில் முதலில் தொடங்கிப் படிப்படியாக வடக்கே பரவுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உச்சம் அடைகிறது. செப்டம்பருக்குப் பின் தளர்ந்து ஓய்கிறது.

அடிநீரில் அப்படி என்ன உள்ளது? மேற்பரப்பில் வாழ்ந்து மடியும் உயிர்களும் அவற்றின் கழிவுகளும் கீழே அமிழ்ந்து சிதைகின்றன. அவற்றில் இருந்த நைட்ரேட்டு, பாசுபேட்டு, சிலிக்கேட்டு ஆகிய சத்துகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆழத்தில் சத்து உண்டு, ஒளி இல்லை. மேற்பரப்பில் ஒளி உண்டு, சத்து குறைவு. இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே மேலெழுச்சியின் பணி. உலகக் கடற்பரப்பில் மேலெழுச்சிப் பகுதிகள் ஏறத்தாழ ஒரு விழுக்காடே எனினும், பிடிக்கப்படும் கடல்மீனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றிலிருந்தே கிடைக்கிறது.

மிதக்கும் உலகம்

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமையற்று, அதன் போக்கில் மிதந்து வாழும் உயிர்களை மிதவை உயிரிகள் என்பர். ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்பவை தாவர மிதவை உயிரிகள்; அவற்றையோ பிறவற்றையோ உண்டு வாழ்பவை விலங்கு மிதவை உயிரிகள்.

விலங்கு மிதவை உயிரிகளில் பெரும்பான்மையானவை ‘கோப்பிபாடு’ எனப்படும் துடுப்புக்காலிகள். இறாலின் உறவினங்களாகிய இவற்றுள் பல, ஒரு மில்லிமீட்டர் அளவே உடையவை. முட்டையிலிருந்து வெளிவந்தபின், ஆறு இளம்பருவங்களையும் அவற்றை அடுத்து ஐந்து வளர்பருவங்களையும் கடந்து இவை முதிர்ச்சி அடைகின்றன. வெப்பமண்டலக் கடலில், உணவு நிறைந்திருந்தால், இவ்வளர்ச்சி இரண்டொரு வாரங்களில் முடிந்துவிடும். இவற்றோடு நீர்த்தெள்ளுகள், அம்புப்புழுக்கள், சொறிமீன்கள், இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் இளவுயிரிகள் எனப் பலவும் சேர்ந்ததே இம்மிதக்கும் உலகம்.

பருவந்தோறும் மாறும் குடிகள்

மேலெழுச்சியால் உணவு பெருகுகிறது. உணவு பெருகினால் எல்லா உயிர்களும் ஒருங்கே பெருகும் என்று கருதத் தோன்றும். கடலில் நடப்பது அவ்வாறன்று. மேலெழும் நீர் சில உயிர்களை முன்னே நிறுத்துகிறது. சிலவற்றைப் பின்னே தள்ளுகிறது. அம்மாற்றம் ஓர் ஒழுங்குடன் நிகழ்கிறது.

கோடையில், மார்ச் முதல் மே வரை, கடலின் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் தெளிவாகவும் சத்துக் குறைந்தும் இருக்கும். அப்போது விலங்கு மிதவை உயிரிகளின் எண்ணிக்கை குறைவு, இனங்களோ பல. கிடைக்கும் சிற்றுணவைப் பங்கிட்டுக்கொண்டு சிறிய துடுப்புக்காலிகளும் பிறவற்றை வேட்டையாடி உண்பவையும் கலந்து வாழ்கின்றன.

அடிநீர் எழத் தொடங்கியதும், முதலில் பெருகுபவை சிலிக்கா ஓடுடைய டயாட்டம் என்னும் நுண்பாசிகள். சில நாள்களிலேயே அவை பன்மடங்காகின்றன. அவற்றை வடித்து உண்ணும் டெமோரா, பாராகலானசு, அகார்சியா போன்ற துடுப்புக்காலிகள் அடுத்த சில வாரங்களில் பெருகுகின்றன. விரைந்து உண்டு, விரைந்து முதிர்ந்து, மிகுதியாக முட்டையிடும் ஆற்றல் உடையவையே இக்காலத்தில் முந்திக்கொள்கின்றன.

நீர்த்தெள்ளுகளின் பெருக்கம் இதனினும் வியப்பானது. எவட்னி, பெனிலியா என்னும் வகைகள் உணவு நிறைந்த காலத்தில் ஆணின் துணையின்றியே இனம்பெருக்குகின்றன. எவட்னியின் வயிற்றில் வளரும் கருவினுள்ளேயே அடுத்த தலைமுறையின் கருவும் உருவாகிவிடுகிறது. ஆதலால், பருவமழைக் காலத்தில் இவை திடுமெனத் திரளாகத் தோன்றுகின்றன. நிலைமை மாறும்போது ஆணும் பெண்ணும் கூடி உறக்கமுட்டைகளை இடுகின்றன. அம்முட்டைகள் கடலடியில் தங்கி, தக்க காலம் வரும்வரை காத்திருக்கின்றன. விதைநெல்லைப் பத்தாயத்தில் காத்துவைத்து, மழை கண்டபின் விதைக்கும் உழவரின் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

இவ்வாறு மேலெழுச்சியின் உச்சத்தில் உயிர்த்தொகை மிகுகிறது. ஆனால், அத்தொகையின் பெரும்பகுதியைச் சில இனங்களே நிரப்புகின்றன. அவற்றைத் தின்னும் அம்புப்புழுக்கள், சொறிமீன்கள், மீன்குஞ்சுகள் பின்தொடர்ந்து பெருகுகின்றன. செப்டம்பருக்குப் பின் காற்று தளர்ந்து, அடிநீரின் வரவு குறைந்து, சத்தும் தீர்கிறது. தாவர உண்ணிகளின் திரள் கலைகிறது. நவம்பரையொட்டிக் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்பி, உப்புக் குறைந்த வங்கக் கடல் நீரைக் கொண்டுவருகிறது. இனங்களின் வகை மீண்டும் விரிகிறது.

பெரு நாட்டுக் கரையில் மேலெழுச்சி ஏறத்தாழ ஆண்டு முழுதும் நிகழ்வது. நம் கரையில் அது நான்கு, ஐந்து மாதங்களே நிகழ்வது. ஆகவே, இங்கு வாழும் மிதவை உயிரிகள் நிறைவுக்கும் வறுமைக்கும் மாறிமாறி ஈடுகொடுக்க வேண்டியுள்ளது.

அகலாது நிற்கும் உத்தி

இங்கே ஓர் ஐயம் எழலாம். மேல்நீர் கரையை விட்டு அகன்று செல்கிறது எனில், அதில் மிதக்கும் உயிர்களும் உணவு நிறைந்த கரைப்பகுதியை இழந்து ஆழ்கடலுக்குச் சென்றுவிடாவோ?

சென்றுவிடுபவையும் உண்டு. ஆனால், பல இனங்கள் இதற்கு மாற்றுவழி கண்டுள்ளன. எதிர்த்து நீந்த இயலாத இவற்றால் மேலும் கீழும் நகர இயலும். இரவில் மேலேறிப் பாசியை உண்டு, பகலில் மீன்களின் பார்வைக்குத் தப்பிக் கீழிறங்குகின்றன. மேல்நீர் கடல்நோக்கிச் செல்ல, அடிநீரோ கரைநோக்கி வருகிறது. ஆகவே, இரவில் இழந்த தொலைவைப் பகலில் மீட்டுக்கொள்கின்றன. சோமாலியா, ஓமன் கரைகளில் கலனாய்டசு என்னும் துடுப்புக்காலி இதனினும் நெடிய உத்தியைக் கையாள்கிறது. மேலெழுச்சிக் காலத்தில் மேற்பரப்பில் உண்டு, உடலில் கொழுப்பைச் சேமித்து, பருவம் முடிந்ததும் பல நூறு மீட்டர் ஆழத்தில் இறங்கி, அடுத்த பருவம்வரை வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கிடக்கிறது.

வளத்தோடு வரும் இடர்

மேலெழும் நீர் சத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. அரபிக்கடலின் நடு ஆழங்களில் உயிர்வளி மிகக் குறைவு. அந்நீர் கரையோர மேடைமீது ஏறிப் படர்வதால், ஜூலை முதல் அக்டோபர் வரை இந்தியாவின் மேற்குக் கரையோரத்தில் அடிநீர் உயிர்வளி குன்றிக் காணப்படுகிறது. பெருகிய பாசி மடிந்து அழுகுவதும் அக்குறையை மிகுவிக்கிறது.

உயிர்வளி குன்றிய நீரைத் தாங்கவல்ல சில துடுப்புக்காலிகள் கீழே இறங்கி வாழ்கின்றன. தாங்க இயலாதவை மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் நெருங்கி வாழ நேரிடுகிறது. அவற்றைத் தேடி மீன்களும் அங்கேயே திரள்கின்றன. கரையோரத்தில் சில நாள்களில் மீன் திடீரெனக் குவிவதற்கு உணவின் ஈர்ப்பு மட்டுமன்றி, கீழிருந்து நெருக்கும் இவ்விடரும் ஒரு காரணமாகும். எனவே, ஒரு கடலில் எவ்வுயிர் வாழும் என்பதைச் சத்தின் அளவோடு உயிர்வளியின் அளவும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

தெரிந்து தெளிவோம்

1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் பங்கேற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடைபெற்றது. எல்லாக் கப்பல்களும் ஒரே அளவுள்ள வலையைக் கொண்டு விலங்கு மிதவை உயிரிகளைச் சேகரித்தன. 0.33 மில்லிமீட்டர் கண்ணுடைய அவ்வலை 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்புவரை இழுக்கப்பட்டது. சேகரித்தவற்றைப் பிரித்து ஆராயக் கொச்சியில் ஓர் உயிரியல் மையம் அமைக்கப்பட்டது. இந்தியப் பங்களிப்பை வழிநடத்திய என். கே. பணிக்கர், 1966 இல் தோன்றிய தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

சாளையின் காலக்கணக்கு

சாளை என்றும் மத்தி என்றும் வழங்கும் மீன், தென்மாவட்ட எளிய மக்களின் உணவில் தலையாய இடம்பெற்றது, விலை மலிவானது, கொழுப்புச்சத்து மிக்கது. இம்மீனின் வாழ்வு மிதவை உயிரிகளோடு எத்துணை நெருங்கியது என்பதைத் தமிழகத்தோடு தொடர்புடைய ஆய்வுகள் நூறாண்டுக்கு முன்பே காட்டத் தொடங்கின. சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல், நாயுடு ஆகிய இருவரும் 1920களில் மலபார்க் கரையின் சாளையையும் அங்குள்ள மிதவை உயிரிகளையும் ஒருசேர ஆராய்ந்தனர். 1947 இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1955 இல் நாயர், சுப்பிரமணியன் ஆகியோர், ஃபிராகிலேரியா என்னும் டயாட்டத்தின் பெருக்கம் சாளையின் மிகுதிக்கு அறிகுறியாகும் என்று எடுத்துரைத்தனர்.

பருவமழை தொடங்கும் காலத்தில் சாளை முட்டையிடத் தொடங்குகிறது. வளர்ந்த சாளை டயாட்டங்களையும் துடுப்புக்காலிகளையும் செவுள் முட்களால் வடித்து உண்ணும். முட்டையிலிருந்து வெளிவந்த இளங்குஞ்சுக்கோ துடுப்புக்காலிகளின் இளவுயிரி போன்ற மிகச் சிறிய இரையே வாய்க்குள் அடங்கும். குஞ்சின் வயிற்றில் உள்ள கருவுணவு சில நாள்களுக்கே போதும். அதற்குள் இரை கிடைத்தாக வேண்டும். நுண்பாசி பெருகச் சில நாள்களும், துடுப்புக்காலிகள் பெருகச் சில வாரங்களும் வேண்டும் என்பதை முன்பே கண்டோம். இக்காலக் கணக்கும் குஞ்சு பொரிக்கும் காலமும் பொருந்தினால், அவ்வாண்டின் குஞ்சுகள் பிழைக்கும். காற்று பிந்தினாலோ, எழுச்சி முந்தி ஓய்ந்தாலோ, முட்டைகள் கோடியாக இருந்தும் பயன் குறையும். பொருத்தமும் பிறழ்ச்சியும் என்னும் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தவர் ஆங்கில மீன்வள அறிஞர் டேவிட் குஷிங்.

பெருக்கும் குறைவும் எத்துணை வேறுபடும் என்பதற்குக் கேரளக் கரையின் கணக்கே சான்று. 2012 இல் அங்குப் பிடிக்கப்பட்ட சாளை ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021 இல் அது ஏறத்தாழ 3,300 டன்னாகச் சுருங்கியது. பின்னர் மீண்டும் உயர்ந்தது. எல்நினோ ஆண்டுகளின் வெப்பமும், அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும், குஞ்சுகளையே வாரிச்செல்லும் வலைகளும் இத்தகைய வீழ்ச்சிகளுக்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. பெரு நாட்டில் 1970 ஐ ஒட்டி உலகிலேயே மிகுதியாகப் பிடிக்கப்பட்ட நெத்திலி வகை மீன், 1972-73 எல்நினோவின்போது வீழ்ந்தது. அங்கும் மிகைப்பிடிப்பும் கடலின் மாற்றமும் ஒருங்கே நின்று மீனவர் வாழ்வைத் தாக்கின.

கடல் வெப்பமடைவது இக்கவலையை மேலும் வளர்க்கிறது. மேல்நீர் மிகச் சூடேறினால் அது இலேசாகிறது. குளிர்ந்து கனத்த அடிநீர் அதனை ஊடுருவி எழுவது கடினமாகிறது. அப்போது மேலெழும் சத்தும் குறையும். டயாட்டங்களும், அவற்றை நம்பிய துடுப்புக்காலிகளும் குறையும்.

காலம் அறிந்து காத்தல்

குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கடல்மேடு, மேலெழுச்சியால் வளம்பெறும் மீன்களம். 1976 ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டால் அதன்மீதான உரிமை இந்தியாவுக்கு உறுதியாயிற்று. உரிமை நமதாயின், காக்கும் கடமையும் நமதே.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையும் இதில் அடங்கும். கடல் கொந்தளிக்கும் காலம் என்பதோடு, அடிநீர் எழுந்து மிதவை உயிரிகள் பெருகி, மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சுகள் இரை தேடும் காலமும் அதுவே. அவ்விரு மாதங்கள் வருவாயின்றிக் கழிப்பது மீனவக் குடும்பங்களுக்கு எளிதன்று. அவர்கள் பொறுத்துக் காத்த கடலிலிருந்தே பிறர் உண்ணும் மீனும் வருகிறது. ஆதலின், அக்காலத்தில் அவர்களுக்கு உரிய உதவி குறைவின்றிக் கிடைக்கச் செய்வதும், பருவம் அடையாத சிறுமீனை வாங்காது தவிர்ப்பதும் சமூகத்தின் பொறுப்பாகும்.

நாற்று நடும் வயலில் கால்நடையை விடாமல் காப்பது உழவு மரபு. கடலிலும் அத்தகைய நாற்றுப்பருவம் ஒன்று உண்டு. குற்றாலத்தில் சாரல் விழும் நாள்களே அப்பருவம். கண்ணுக்குத் தெரியாத அந்த நாற்று நன்கு வளர்ந்தால்தான் மீனவர் வலை நிறையும். எளியோர் கலத்தில் சாளை விழும்.

கற்பவை கற்றபின்...

1. இந்திய நிலப்படத்தில் கொல்லம், குமரிமுனை ஆகிய இரு இடங்களிலும் பருவக்காற்றின் திசையை அம்புக்குறியால் வரைந்து, மேல்நீர் நகரும் திசையைக் கண்டறிக.

2. உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சாளை, அயிலை, நெத்திலி ஆகியவை எந்தெந்த மாதங்களில் மிகுதியாக வருகின்றன என்பதை மீன் விற்போரிடம் கேட்டுப் பட்டியலிடுக.

3. ‘கார் பருவ நெல்லும் கடலின் மிதவை உயிரிகளும்’ என்னும் தலைப்பில், இரண்டுக்கும் பொதுவான காலக்கணக்கை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.